உருவ வேண்டிய நூல்

பல் துலக்குவதற்கு முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. குளிர் இறங்கிவிட்டால் அந்த வீட்டுக்கு அலாரம் தேவையில்லை. யார் வீட்டுக் குழாயில் வெந்நீர் நின்றாலும் முதலில் கத்துவது இந்தப் போன்தான்.

"சொல்லுங்க... கொஞ்சமாவது வெதுவெதுன்னு வருதா, இல்ல பச்சைத் தண்ணியா?... சரி, ஸ்விட்சைத் தொடாதீங்க. அவர் வருவார். மத்தியானத்துக்குள்ள வந்துடுவார்."

பெரியவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். மேஜையில் அவள் கணவன், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் துருப்பிடித்த வால்வுமாக உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் பெரியவன். ஹீட்டர் மெக்கானிக். அவன் எதிரில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவனுடைய அக்கா. ரயில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள். தன் வீட்டு ஹீட்டர் கெட்டுவிட்டது, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். தம்பி இன்னும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. அவளும் இன்னும் போகவில்லை.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் மத்தியானத்துக்குள்ள வந்துடுவார்! கூடப் பிறந்தவளுக்கு எந்தப் பிறவியில வருவாரோ!"

"க்யூவுல நில்லு அக்கா. நீ எத்தனை பேரை நிக்க வெச்சிருப்ப கவுண்ட்டர்ல!"

பெரியவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

"அண்ணி."

சமையலறை வாசலில் சின்னவன் நின்றிருந்தான். பெரியவனின் தம்பி. கட்டட வேலைத்தளத்தில் இன்ஜினீயர். போன கோடையில் மனைவி, வீட்டுக்குச் சின்னவள், கண்ணை மூடியதிலிருந்து அவன் இந்த வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். சாப்பிட்டாயா என்றால் 'ம்.' இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால் 'வேண்டாம்.' ஆஸ்பத்திரியில் அழவில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அழவில்லை. மறுநாளே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

இன்று அவனாகக் கூப்பிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"என்ன தம்பி? டீ போடட்டுமா?"

அவன் உள்ளங்கையை விரித்தான். ஒரு சிவப்பு நூல் உருண்டை.

"குட்டி கோட்டுக்குப் பட்டன் தேடினேன். பிஸ்கட் டப்பாவுல இது இருந்தது. இது என்ன?"

"நூல்..."

"யார் நூல்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனான். வந்தபோது கையில், மகள் குட்டிக்காகச் சின்னவள் ஆரம்பித்த நீலப் பஞ்சுப் போர்வை இருந்தது. மேஜைமேல் விரித்தான். தட்டு, டம்ளர், வால்வு எல்லாவற்றின் மேலும் விரித்தான்.

போர்வையின் ஒரு பாதியில் நீள நீளமாகச் சிவப்புத் தையல். விரல் நீளம் ஒவ்வொன்றும். மறு பாதியில் சிவப்பே இல்லை. அரிசியைக் கொட்டிய மாதிரி பொடிப் பொடியாக வெள்ளைத் தையல்.

"அவ தைச்சதைப் பிரிச்சிருக்கீங்க."

"தம்பி..."

"பிரிச்சீங்களா, இல்லையா?"

"உருவினேன்."

"அடிப்பாவி!" நாத்தனார் எழுந்தே விட்டாள். "செத்துப்போனவ கைவேலையை எவளாவது பிரிப்பாளா? நான் பார்த்தேன்டா சின்னவனே, இவ கத்தரிக்கோலும் கையுமா உட்கார்ந்திருந்ததை. ஏதோ ஓரம் வெட்டறான்னு நினைச்சேன்!"

"இந்தச் சிவப்பு அவ ஆசைப்பட்டுக் கேட்டது அண்ணி." சின்னவனின் குரல் உயரவில்லை. "வெள்ளை இருக்கு, நீலம் இருக்குன்னேன். சிவப்புதான் வேணும்னா. கடை கடையா ஏறி வாங்கிட்டு வந்தேன். அந்தக் கட்டில்ல உட்கார்ந்து, விரல்ல பலமே இல்லாம, தையல் தையலா... நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். குளிருக்குள்ள முடிச்சுடுவேன்னா. ஒரு வரிசை முடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டுச் சிரிப்பா. என்கிட்ட அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். அதையும் சுருட்டி டப்பாவுல போட்டுட்டீங்க."

"என்னடா இது, காலங்கார்த்தால..." என்று பெரியவன் தொடங்கினான்.

"மாசக் கடைசியில நானும் குட்டியும் போறோம் அண்ணா. சைட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. பக்கத்துலயே பிள்ளைங்களைப் பார்த்துக்கிற இடமும் இருக்கு."

"அந்தக் கிடங்கு ரூமா? குட்டிக்கு நெஞ்சுச்சளி தம்பி! அங்க ஹீட்டர்கூட..." பெரியவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"இங்க இருந்தா மட்டும்? உங்க கை பட்டா எது மிஞ்சுது?"

கதவருகே, ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு குட்டி நின்றிருந்தாள்.

"பெரியம்மா... ரொட்டி கருகுது."

* * *

சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான்.

அது தையல் இல்லை தம்பி, சும்மா பிடித்து வைக்கிற நூல், உருவத்தான் வேண்டும். இப்படிச் சொல்லியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பான். ஆனால் அடுத்த நிமிஷம் கேட்பான். அப்படியானால் அவள் ஏன் அதை மட்டும் போட்டாள்? ஏன் ஓரத்திலிருந்து ஓரம்வரை போட்டாள்? படித்தவன். ஒரு நூலைப் பிடித்தால் முடிச்சுவரை போகிறவன். அந்த முடிச்சைத்தான் பெரியவள் மறைக்க வேண்டியிருந்தது.

அவனைச் சிவப்பு நூல் வாங்க அனுப்பிவிட்டுத்தான் சின்னவள் அன்றைக்குப் பேசினாள்.

"அக்கா, கதவைச் சாத்துங்க. அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்."

ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் அவள் மடியில் பஞ்சுப் போர்வை. பார்ப்பதற்கே வியர்த்தது. தைப்பதில் அவள் கெட்டிக்காரி. பெரியவளுக்கோ அதுவரை அறுந்த பட்டனைத் தைக்கத்தான் தெரியும்.

"எனக்கு இனிமே நெருக்கித் தைக்க வராது அக்கா. விரல் சொன்ன பேச்சைக் கேட்கல. மேல் துணி, பஞ்சு, அடித்துணி, இந்த மூணும் நகராம நீள நீளமா ஓட்டிப் பிடிச்சு மட்டும் வெச்சுடறேன். அது தாங்காது. சும்மா பிடிதான். நீங்க இந்த மூலையில ஆரம்பிச்சுப் பொடித் தையலா போட்டுட்டு வாங்க. போட்ட இடத்துல என் நூலை வெட்டி உருவிடுங்க."

"நீயே போடப் போற. குளிருக்குள்ள வீட்டுக்கு வந்துடுவ, பார்த்துட்டே இரு..."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா அக்கா?"

அதற்குமேல் பெரியவளால் பொய் சொல்ல முடியவில்லை. பேச்சை மாற்றத்தான், ஏன் சிவப்பு என்று கேட்டாள்.

"நீலத்துல பளிச்சுன்னு தெரியுமே. ஒரு நூலைக்கூட விட்டுடக் கூடாது. குட்டி தூக்கத்துல சைக்கிள் ஓட்டுற மாதிரி உதைப்பா. நீள நூல் கால் விரல்ல சுத்திக்கும். சுத்தினா லேசுல விடாது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அக்கா, அவர் நான் முடிச்சுடுவேன்னு நம்பறார். நூல் வாங்கிட்டு வாங்கன்னதும் ஓடினதைப் பார்த்தீங்கல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி? நம்பட்டும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். நான் போனப்புறமும் வேண்டாம். சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம் தலையணை உறையின் ஓரத்தில் பொடித் தையல் போடக் கற்றுக்கொடுத்தாள். பெரியவள் முதலில் போட்டதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எறும்பு குடிச்சுட்டு நடந்த மாதிரி இருக்கு?" என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்னவன் நூலோடு உள்ளே வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவனும் காரணம் தெரியாமல் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவனிடமிருந்து பிடுங்க வேண்டுமா? அதற்கு, தான் பழி சுமப்பது எவ்வளவோ மேல்.

* * *

பெரியவளுக்கு உட்கார்ந்து தைக்க நேரம் என்று ஒன்று கிடையாது. குளிர்காலத்தில் கிடையவே கிடையாது. போன், சமையல், குட்டியின் கஷாயம், காயாத துணி, கணவனிடம் பழுதுபார்க்கக் கொடுத்த சாமான்களுக்காக வந்து நிற்கும் ஆட்கள். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் முதல் வேலையாக ஒரு கைநிறைய ஊசிகளை எடுத்து எல்லாவற்றிலும் நூல் கோத்துவிடுவாள். ஜன்னல் திரையில் வரிசையாகக் குத்தி வைப்பாள். பால் காய்கிற நேரத்தில் ஓர் ஊசி. குட்டி குளிக்கிற நேரத்தில் ஓர் ஊசி. 'லைன்ல இருங்க' என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் அதற்குள் அரை ஊசி. அன்று மாலைக்குள் திரையில் ஊசி மிஞ்சக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு. எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று போர்வையை விரித்துப் பார்க்கவே மாட்டாள். பார்த்தால் மலைப்பு வரும். மலைப்பு வந்தால் கை நிற்கும்.

அன்று போர்வை போய்விட்டது. சின்னவன் அதைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டான். ஆனால் திரையில் ஊசிகள் நின்றன, கோத்தது கோத்தபடி.

பெரியவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு பீரோவைத் திறந்து கணவனின் பழைய சட்டைகளைக் கீழே இறக்கினாள். எண்ணெய்க்கறை ஏறிய தடித்த பருத்திச் சட்டைகள். முதுகுப் பக்கம் மட்டும் எல்லாவற்றிலும் நன்றாகவே இருந்தது.

ஸ்பேனரை மறந்துவிட்டு எடுக்க வந்த பெரியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏய்... அது நான் போடுற சட்டை!"

"கையில ஓட்டை. காலர் கிழிஞ்சு தொங்குது."

"ஓட்டையோடதான் போடுறேன். காத்து வரும்." அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு எதிரில் குந்தினான். "ஏன்டி, அந்த நூலை ஏன் உருவின?"

"உருவ வேண்டிய நூல்."

"அதை அவன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்ல முடியாது."

"என்கிட்ட?"

"உங்ககிட்ட சொன்னா போர்டுல எழுதி மாட்டின மாதிரி. வேண்டாங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "குழந்தையைத் தூக்கிட்டுப் போறேங்கிறான். நீ வளர்த்த குழந்தை. வாயைத் திறக்க மாட்டேங்கிற. நல்லா இருக்கு." எழுந்தான். போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தான். "இதை மட்டும் விட்டுடு. உடம்புல இருக்கு."

அவள் வெட்டினாள். சதுரம் சதுரமாக. போகிற இடத்தில் குட்டிக்குக் குளிரக் கூடாது. நீலப் போர்வை தாங்காது என்று அவளுக்குத் தெரியும். பாதிப் போர்வை பஞ்சைப் பிடித்துக்கொள்ளாது. அதைச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்று தைத்துக் கொடுக்க முடியும். மாசக் கடைசிக்குள் முடிக்க முடியுமா? முடித்தே ஆக வேண்டும்.

மறுநாள் கூடுதலாக ஊசிகள் கோத்தாள்.

"ஒண்ணைப் பிரிச்சாச்சு. அடுத்தது எதைப் பிரிக்கப் போறாளாம்?" நாத்தனார் காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"இது பிரிக்கிறது இல்ல அக்கா. சேர்க்கிறது."

"பேச்சு மட்டும் வருது. செஞ்சதுக்கு ஒரு வார்த்தை வரல! அவன் காலையில டீகூடக் குடிக்காம போறான். வயிறு எரியுது எனக்கு. நானா இருந்தா தலையைத் தொங்கப் போட்டுட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருப்பேன்."

"மூலையில உட்கார்ந்தா போனை யார் எடுக்கிறது?" பெரியவளின் கண் நிறைந்தது. கை நிற்கவில்லை.

குட்டி அவள் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "பெரியம்மா, நீயும் வருவியா அந்த ரூமுக்கு?"

"வர முடியாதுடா கண்ணு. பெரியப்பாவுக்குச் சோறு யார் போடுவா?"

"அவரையும் தூக்கிட்டு வா."

"அவரைத் தூக்க கிரேன்தான் வேணும்."

குழந்தை சிரித்தது. சிரிப்பு இருமலில் முடிந்தது. பெரியவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடுத்த ஊசியை எடுத்தாள்.

சின்னவன் போவதும் வருவதுமாக இருந்தான். அவளைப் பார்ப்பதில்லை. வைத்த சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்தான். விருந்தாளி மாதிரி. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஒருநாள் அவன் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலடியில் பெட்டி தயாராக இருந்தது. குட்டியின் சின்னச் செருப்பு அதன்மேல்.

பெரியவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்குத் திரையில் ஓர் ஊசிகூட மிஞ்சவில்லை.

* * *

மாசம் முடிய இன்னும் சில நாள்களே இருந்தன. விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் பனி கெட்டியாக ஒட்டியிருந்தது. பெரியவள் முதல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது குட்டியின் அலறல் கேட்டது.

நெஞ்சுச்சளிக்காரக் குழந்தையின் அழுகை அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

ஓடினாள். குட்டி கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. அதன் அடியில், சதைக்குள் புதைந்து, சிவப்பு நூல்.

"இழுக்காதீங்க! இழுத்தா இறுகும்! விடுங்க தம்பி!"

அவன் விட்டான்.

"கண்ணு, பெரியம்மாவைப் பாரு. பல்லி வாலு அறுந்து ஆடுமே, அது மாதிரி காலை ஆட்டினா பெரியம்மாவால முடியுமா? ஆட்டாம இரு... அதான் என் ராஜாத்தி..."

கையிலிருந்த ஊசியைத் திருப்பினாள். முனையால் அல்ல, காதுப் பக்கத்தால், வீங்கிய சதைக்கும் நூலுக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழைத்தாள். மயிரிழை அளவு நூல் மேலெழும்பியது. "கத்தரிக்கோல்... சின்னது... திரைக்குப் பின்னால!" நாத்தனார் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே வெட்டு. நூல் தெறித்தது. இன்னொரு சுற்று இருந்தது. அதையும் தூக்கி வெட்டினாள்.

எல்லோரும் அந்தச் சின்ன விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊதா மெல்லக் கலைந்தது. சிவந்தது. குட்டி விரலை மடக்கினாள், நீட்டினாள்.

"குத்துது..."

"குத்தட்டும். ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம்," என்றாள் பெரியவள். அதற்குப் பிறகுதான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் குழந்தையை அள்ளிக்கொண்டாள். குளிர்ந்து கிடந்தது குழந்தை. "என்னடா சின்னவனே, போர்வை போர்த்தித்தானே படுத்தா? ஐஸா இருக்காளே!"

சின்னவன் போர்வையைத் தூக்கினான். அவன் தூக்கிய பக்கம் வெறும் துணியாகத் தொங்கியது. ஜன்னல் வெளிச்சம் அதில் ஊடுருவித் தெரிந்தது. அந்தப் பாதியின் பஞ்சு முழுவதும் கால்மாட்டில் போய்ச் செத்த ஆடு மாதிரி திரண்டு கிடந்தது. நீளச் சிவப்பு நூல்கள் வளையம் வளையமாகத் தளர்ந்து தொங்கின. மறு பாதியில், வெள்ளைத் தையல் போட்ட பாதியில், பஞ்சு இம்மியும் நகரவில்லை. வைத்தது வைத்தபடி மெத்தென்று இருந்தது.

அவன் அந்த எல்லையை விரலால் தடவினான். ஒரு முறை. திரும்பவும்.

தளம் போடுகிறவன் அவன். கான்கிரீட் இறுகும்வரை அடியில் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வைத்து, இறுகியதும் ஒன்று விடாமல் பிரித்தெடுப்பது அவன் அன்றாட வேலை. பிரித்த பலகையைப் பார்த்து யாரும் அழுததில்லை.

"இது தையல் இல்ல," என்றான்.

பெரியவள் தலை குனிந்தாள்.

"சும்மா பிடிச்சு வெச்சிருக்கு. நிரந்தரத் தையல் போட்டதும் இதை எடுத்துடணும். அப்படித்தானே அண்ணி?"

"ம்."

"இது அவளுக்குத் தெரியாதா?"

பெரியவள் வெட்டி விழுந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"அவளுக்குத் தைக்கத் தெரியாதா அண்ணி? அவளுக்குத் தெரியாம இருக்குமா?" அவன் போர்வையை விரித்துப் பார்த்தான். ஓரத்திலிருந்து ஓரம்வரை. "தானே முடிக்கப் போறவ இப்படிச் செய்ய மாட்டா. கொஞ்சம் பிடிப்பா, கொஞ்சம் தைப்பா. இது அப்படி இல்ல. முழுசும் பிடிச்சு வெச்சிருக்கா. இன்னொருத்தர் வந்து எடுத்துச் செய்யற மாதிரி... ஒப்படைக்கிற மாதிரி..."

போர்வையைக் கீழே விட்டான்.

"அவளுக்குத் தெரியும்."

"தம்பி, வேண்டாம்..."

"முடிக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லியிருக்கா. என்னை நூல் வாங்க அனுப்பிட்டு... அன்னிக்குத்தானே? நான் வந்தப்போ ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருந்தீங்களே!"

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கண்ணிலிருந்து கொட்டியதை என்ன செய்ய முடியும்?

"இத்தனை பேச்சு பேசினேனே அண்ணி... உங்க கை பட்டா எது மிஞ்சும்னு கேட்டேனே... அப்பக்கூட ஒரு வார்த்தை... ஏன் அண்ணி?"

"சத்தியம் வாங்கிட்டா தம்பி." அழுகையோடு அழுகையாக வந்தது. "நீங்க நம்பிட்டு இருந்தீங்களாம். அது அப்படியே இருக்கட்டும்னா. நான் என்ன செய்வேன்? குழந்தை விரல்ல சுத்திக்கும்னுகூடச் சொன்னா... உங்க கையில போர்வையைக் குடுத்துட்டு நான் தினம் செத்தேன். குட்டிக்குப் போர்த்தாதீங்கன்னு சொன்னா ஏன்னு கேட்பீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். பாதி நூலை உருவினவ மீதியை உருவறதுக்குள்ள..."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "அப்போ அந்தச் சட்டைத் துணியில ராப்பகலா தைக்கிறியே, அது யாருக்கு?"

"குட்டிக்குத்தான் அக்கா. இந்தப் போர்வை தாங்காதுன்னு தெரியும். போற இடத்துல ஹீட்டர் இருக்கோ என்னவோ..."

அங்கேதான் சின்னவன் உடைந்தான். தரையில் உட்கார்ந்தான். அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கோடையிலிருந்து வராத அழுகை அது. ஊளை மாதிரி வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. குட்டி பயந்துபோய்ப் பார்த்தாள். பெரியவள் அவன் தலையில் கை வைத்தாள்.

பெரியவன் வாசலில் ஸ்பேனரோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. மூக்கை உறிஞ்சினான்.

"சளி," என்றான்.

* * *

சின்னவன் அன்று வேலைக்குப் போகவில்லை. பெட்டிமேல் இருந்த செருப்பை எடுத்துக் குட்டியின் காலடியில் வைத்தான். பெட்டியைப் பரண்மேல் ஏற்றினான்.

போர்வையைக் கூடத்துத் தரையில் விரித்தார்கள். பஞ்சைத் தட்டித் தட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாத்தனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊசிக் குவியலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நூல் கோத்துத் தர்றேன். அதுக்குமேல என்கிட்ட எதிர்பார்க்காத."

"சரி அக்கா."

"என்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"மனசுல வைக்க நேரமில்ல அக்கா. நூலைக் குடுங்க."

பெரியவள் தைத்தாள். தைத்து முடித்த இடத்தில் சின்னவன் சிவப்பு நூலை வெட்டி உருவினான். ஒவ்வொன்றையும் உருவும்போது அவன் உதடு துடித்தது. ஆனால் உருவினான். ஒன்றைக்கூட விடவில்லை. அன்று முழுக்க, பிறகு மறுநாளும் அதற்கு மறுநாளும், வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும். நடுவே போன் அடித்தது, பால் பொங்கியது, குட்டி இருமினாள். சட்டைப் போர்வையும் பாதியில் நிற்கவில்லை. அதற்கும் தனியாக ஊசிகள் திரையில் குத்தியிருந்தன.

கடைசி வரிசை வந்தது. குட்டியின் முகவாயில் படுகிற ஓரம்.

சின்னவன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு உருண்டையை எடுத்தான். அன்றைக்குப் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. இத்தனை நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறான்.

"ஒரே ஒரு நூல் விடலாமா அண்ணி? இந்த ஓரத்துல?"

"ஒண்ணுகூட விடக் கூடாதுன்னா."

"ம்." உருண்டையைத் திரும்பப் பையில் வைக்கப் போனான்.

"இருங்க." பெரியவள் அதை வாங்கினாள். சிக்கலைப் பொறுமையாகப் பிரித்தாள். நீளமாக ஒன்று கிடைத்தது. நெளிநெளியாக இருந்தது. எச்சில் தொட்டு நீவி ஊசியில் கோத்தாள். "அவ வேண்டாம்னது நீளத் தையலை. பொடித் தையல்ல விரல் மாட்டாது. இந்த ஓரத்தை அவ நூல்லயே போட்டுடலாம். இந்தாங்க, நீங்க ஆரம்பிங்க."

"எனக்குத் தெரியாது அண்ணி."

"எனக்கும்தான் தெரியாம இருந்தது."

அவன் ஊசியை வாங்கினான். ஒன்று போட்டான். இரண்டு போட்டான். கோணல்மாணலாக ஏறி இறங்கியது. பெரியவள் குனிந்து பார்த்தாள். எறும்பு குடித்துவிட்டு நடந்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் அழுதுவிடுவோம் என்று விட்டுவிட்டாள். அந்தத் தையல்களைப் பிரிக்கவும் இல்லை. ஊசியைத் திரும்ப வாங்கி, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

போன் அடித்தது.

பெரியவள் ஊசியைக் குத்திவிட்டு எழப் போனாள். சின்னவன் அவளுக்கு முன்னால் எழுந்தான். கோடையிலிருந்து அந்தப் போனைத் தொடாதவன்.

"சொல்லுங்க... ஆமா, ஹீட்டர் வீடுதான்... இல்ல, அண்ணி தைச்சுட்டு இருக்காங்க. என்கிட்ட சொல்லுங்க. தண்ணி கொஞ்சமாவது வெதுவெதுன்னு வருதா?"